திறக்காத பாதி

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறேன். நல்லசிவம் பாஸ்வேர்ட் அடிக்கப் போகிறார், நான் பார்க்கக் கூடாது. எங்கள் தொழிலில் அது மரியாதை. சர்வர் அறையில் ஒருவர் கீபோர்டில் கை வைத்தால் பக்கத்தில் நிற்பவர் கூரையைப் பார்ப்பார், ஷூ லேஸைக் கட்டுவார், ஏசியைக் குறை சொல்வார். யாரும் சொல்லித் தருவதில்லை, வேலைக்குச் சேர்ந்த வாரமே கழுத்துக்குப் பழகிவிடும். கல்யாணமான புதிதில் வீட்டிலும் அப்படித்தான் இருந்தோம். அவர் லேப்டாப்பைத் திறந்தால் நான் ஜன்னலுக்குத் திரும்புவேன், நான் திறந்தால் அவர் திரும்புவார். மாமியார் அதைப் பார்த்துவிட்டு, வந்த மாசமே சண்டையா என்று எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார். கோர்ட்டில் எங்களைப் பிரித்து ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் என் கழுத்து தானாகத் திரும்புகிறது. எதிரே வெறும் சுவர், ஓர் ஆணி, ஆணியைச் சுற்றிக் கொஞ்சம் பெயர்ந்த சுண்ணாம்பு. மாடி வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை, சிங்காநல்லூர் முழுக்க இந்நேரம் கறிக்குழம்பு கொதிக்கும். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஏன் அடிக்க மாட்டேன் என்கிறார்? மறந்துவிட்டாரா? மறந்திருந்தால், வேண்டாம், அதை நினைக்க வேண்டாம்.

"கோதை, இதுல கேப்ஸ் லாக் லைட் எரியுமா எரியாதா?"

"எரியாதுங்க. பல்பு போயிருச்சு."

எரியாதுங்க. இந்த 'ங்க' மட்டும் போக மாட்டேன் என்கிறது. வக்கீல் ஆபீசில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, இந்த ஆளோடு இனி ஒரு நாள்கூட வாழ முடியாது என்று சொல்லும்போதும் 'ங்க' போட்டுத்தான் சொன்னேன். வக்கீல் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். இப்போது ஒரு விசை விழுந்தது. இன்னொன்று. நிறுத்துகிறார். அவர் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க் மேஜை மேல் சன்னமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, என்னுடையது அதன் பக்கத்தில், இரண்டுக்கும் நடுவில் என் தண்ணீர் பாட்டில். அதை எடுத்திருக்க வேண்டும், தட்டிவிட்டால் என்ன ஆவது, ஆனால் இப்போது திரும்பினால் அவர் விரல்களைப் பார்க்க வேண்டிவரும். துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார், பழைய ஈரிழைத் துண்டு, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலங்கள், எல்லாம் புதுசு. டப்பாவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியும் அவருக்கு. எப்போதும் டப்பாவை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்வார். எங்கள் மகள் தளிர் இறந்துபோன அடுத்த வாரம் அவளுடைய சட்டைகளை அவர் மடித்த மடிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது, ஓரம் ஓரமாக, கடையில் மடிப்பார்களே அப்படி. மடித்து, அட்டைப்பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போய்விட்டார். நான் டேப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஆளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, அவர் அக்கா முன்னாலேயே சொல்லவும் சொன்னேன்.

விசைகள் மளமளவென்று விழுகின்றன, என்டர். மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் ஒரு தடவை 'டொக்' என்கிறது. பொருந்தவில்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அவர் தொண்டையைச் செருமுகிறார். எட்டெழுத்து பத்தெழுத்து வைக்கிற ஆள் இல்லை, ஒரு வாக்கியமே வைப்பார், நடுவில் புள்ளி கமாவெல்லாம் போட்டு. இவ்வளவு பூட்டு எதற்கு என்று அப்போதே கேட்டேன். ஐந்து வயசுப் பிள்ளை அப்பாவுக்கு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுக்கிற பதிவைத் திருட எவன் வரப்போகிறான்? அதற்கு அவர் வேறொரு கதை சொன்னார். காந்திபுரத்தில் பழைய சாமான் கடையில் ஒரு டிஸ்க் வாங்கி வந்து மாட்டினாராம், உள்ளே யாரோ ஒரு வீட்டின் படங்கள் அழியாமல் இருந்தனவாம். சீமந்தம், குழந்தைக்கு மொட்டை போட்டது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெரியவர். யாரென்றே தெரியாதவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் கோதை என்றார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பூட்டு வந்தது. இரண்டு டிஸ்க், இரண்டிலும் அதே சரக்கு, ஒன்றின் நகல் மற்றது. அடியில் பூட்டு, அதற்கு மேலே தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிற ஏற்பாடு. எழுதும்போதே ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாளம் போட்டு வைத்துக்கொள்ளும், படிக்கும்போது அடையாளம் ஒத்துவராவிட்டால் இந்தப் பிரதி கெட்டுவிட்டது என்று அதற்கே தெரியும், உடனே அடுத்த டிஸ்க்கில் போய் நல்ல துண்டை எடுத்துவந்து இங்கே ஒட்டிவிடும். யாருக்கும் சொல்லாது. நாம் பாட்டுக்குப் படம் பார்த்துக்கொண்டிருப்போம், அது பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருக்கும். பூட்டுக்குத் தான் எதைக் காக்கிறோம் என்று தெரியாது, மேலே இருப்பதற்குக் கீழே பூட்டு இருப்பதே தெரியாது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு டிஸ்க்கின் பூட்டுக்கு அவர் பாஸ்வேர்ட், மற்றதற்கு என்னுடையது, என்னுடையது அவருக்குத் தெரியாது, அவருடையது எனக்குத் தெரியாது. கணவன் மனைவிக்குள் அது எதற்கு என்று எங்களுக்கு அன்று தோன்றவே இல்லை. இரண்டு பேரும் மாறி மாறி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சிரித்துக்கொண்டே அடித்தோம்.

பிரிந்தபோது மற்றவர்கள் பாத்திரம் பண்டத்தைப் பிரிப்பார்கள், நாங்கள் இதையும் பிரித்தோம். ஆளுக்கு ஒரு டிஸ்க். எல்லாமே இரண்டிலும் இருக்கிறதே, யாருக்கும் நஷ்டம் இல்லை என்று வக்கீலுக்குப் பட்டிருக்கும். தனியாக விட்டால் ஒரு டிஸ்க் தன் ஓட்டையைக் கண்டுபிடிக்கும், அடைக்கத் தெரியாது. இதைப் புதுசாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு அவரும் நானும் எத்தனை தடவை வகுப்பெடுத்திருப்போம். எடுத்தவர்களே ஆளுக்கொரு பாதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆளுக்கொரு ஆட்டோவில் ஏறினோம். கூட ஒரு காப்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று யாராவது ஒருவர் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால் தோற்ற மாதிரி. அதற்கப்புறமாவது நான் எடுத்திருக்கலாம். மாசா மாசம் சோதனை ஓட்டுவேன், பிழை இல்லை, பிழை இல்லை என்று வரும், அந்த வரியைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். காப்பி எடுத்தால் இது ஒரு நாள் போய்விடும் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பேன். போன மாசம் தளிர் பிறந்தநாளுக்குத்தான் எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். பாதி ஓடி நின்றுவிட்டது. படிக்க இயலவில்லை. மறுபடி, மறுபடி. தப்பான துண்டைத் தருவதைவிட ஒன்றும் தராமல் இருப்பது மேல் என்பது அதன் கொள்கை. அந்தக் கொள்கையை நான்தான் ஊர் முழுக்கப் புகழ்ந்து பேசியிருக்கிறேன். ஒரு புள்ளி கெட்டிருக்கும், பூட்டுக்குள் இருப்பதால் அந்த ஒரு புள்ளி பக்கத்தில் இருப்பதையும் குழப்பிவிட்டிருக்கும், மேலே இருக்கிற சரிபார்ப்பு அந்தத் துண்டையே தள்ளிவிட்டது. 'தக்காளியப் பெசையோணும்ப்பா, நல்லாப் பெசையோணும், அப்புறம்' என்கிறாள். அவ்வளவுதான். அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன், ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்குள் அழுகை வந்து நிறுத்திவிடுவேன். பெற்றவள் நான், என் பிள்ளை அப்புறம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்லித்தான் அவருக்கு மெசேஜ் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: ஞாயிறு வரேன்.

டொக். இரண்டாவதும் பொருந்தவில்லை.

"அவசரமில்லைங்க. மெதுவா அடிங்க."

"ம்."

திரும்பிப் பார்க்கக் கூடாது. அவர் கொண்டுவந்தது சீக்கு டிஸ்க், அது எனக்கு முன்பே தெரியும். ஒன்றாக இருந்த காலத்திலேயே அதில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் கெட ஆரம்பித்திருந்தது, என்னுடையதிலிருந்து எடுத்துத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரிக்கும்போது அவரே கை நீட்டி அதை எடுத்துக்கொண்டார். நல்லதை எனக்கு விட்டார் என்று அன்று நினைத்தேனா? இல்லை. பிள்ளை குரல் எதில் இருந்தால் என்ன என்று இருக்கிறார், அதனால்தான் பார்க்காமல் எடுக்கிறார் என்று நினைத்தேன். சீக்கு டிஸ்க்கில் ஒவ்வொரு தடவை படிப்பதும் அதன் ஆயுளிலிருந்து எடுத்துச் செலவழிப்பதுதான். அவர் அதை அடிக்கடி திறந்து கேட்டிருந்தால் இந்நேரம் அது சல்லடையாகியிருக்கும், என் ஓட்டையை அடைக்க அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. திறக்காமலே வைத்திருந்தால் ஒருவேளை இருக்கலாம். அப்படியென்றால் நான் இப்போது எதற்கு வேண்டிக்கொள்கிறேன்? என் பிள்ளையின் அப்பா ஆறு வருஷமாக அவள் குரலை ஒரு நாள்கூடக் கேட்டிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். எது தாங்காமல் அவரை விட்டு வந்தேனோ அதே கல்மனசு நிஜமாக இருக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்கிறேன். ஒரு ராத்திரியாவது அழுதுகொண்டு கேட்டிருப்பார் என்று எவ்வளவு நாள் ஆசைப்பட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாமலாவது, குடித்துவிட்டாவது. இப்போது அது மட்டும் நடந்திருக்கக் கூடாது. ஆனால் நடந்திருக்கிறது போலத்தான் தெரிகிறது. டிஸ்க்கை மாட்டியதும் அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்தேன், பூட்டைத் திறக்காமலே அதைப் பார்க்கலாம், எத்தனை தடவை கரண்ட் கொடுத்தார்கள் என்று அதுவே கணக்கு வைத்திருக்கும். பிரிந்த பிறகு எழுபது தடவைக்கு மேல் ஓடியிருக்கிறது. அவரும் திரையைப் பார்த்தார். எழுபது தடவை. அப்படியானால் கேட்டிருக்கிறார். அப்படியானால் அவர் கல் இல்லை, நான் சொன்னதெல்லாம் அபாண்டம். அப்படியானால் தளிர் அப்புறம் என்ன சொன்னாள் என்பது இந்த உலகத்தில் எங்கேயும் இல்லை. இரண்டில் எதற்கு அழுவது என்று தெரியாமல் ஆணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாக்கு வறண்டுவிட்டது, தண்ணீர் பாட்டில் அங்கே இருக்கிறது.

இந்தத் தடவை ரொம்ப மெதுவாக அடிக்கிறார். ஒவ்வொரு விசையையும் பார்த்துப் பார்த்து. நடுவில் ஒரு நீண்ட தட்டல், அது ஸ்பேஸ். இன்னொன்று. வாக்கியம்தான் வைத்திருக்கிறார். வேண்டாம், எண்ணாதே, எண்ணுவதும் பார்ப்பது மாதிரிதான். குக்கர் இரண்டாவது விசில். தளிருக்குக் குக்கர் என்றால் பயம், விசில் வரும் முன்னாலேயே காதைப் பொத்திக்கொண்டு அப்பா மடியில் ஏறிக்கொள்வாள், அவர் தன் கையையும் அவள் கைமேல் வைத்துப் பொத்துவார். இரண்டு ஜோடிக் கை. டெங்கு வார்டில் ஏதோ ஒரு மெஷின் அதே மாதிரி கத்திக்கொண்டே இருந்தது, அவளுக்கு அப்போது கையைத் தூக்க முடியவில்லை. அவர்தான் பொத்திக்கொண்டு நின்றார், இரண்டு நாளும். நர்ஸ் திட்டியும் கையை எடுக்கவில்லை. இது எனக்கு இத்தனை நாள் ஏன் ஞாபகம் வரவில்லை? அட்டைப்பெட்டி டேப் மட்டும் வந்துகொண்டே இருந்தது, கை வரவில்லை. என்டர் விழுந்தது. டொக் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.

"தொறந்துருச்சு" என்றார்.

திரும்பினேன். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. நரைத்திருக்கிறார், காதுக்கு மேலே மட்டும். நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு எழுந்து நின்றார். என்னுடைய பூட்டைத் திறக்க வேண்டும். நான் கீபோர்டில் கை வைத்ததும் அவர் ஜன்னலுக்குத் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒரே அடியில் திறந்தது, தினமும் அடிக்கிற பாஸ்வேர்ட். பூட்டு திறந்தாலும் உள்ளே போவதற்கு முன் ஓர் எண் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவை பூட்டைத் திறந்து உள்ளே போனாலும் டிஸ்க் அதைத் தனக்குள் எழுதிக்கொள்ளும், எண் ஏறும். கேட்டாலே போதும், கேட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ளும். என்னுடையது எங்கேயோ ஏறிப் போயிருக்கிறது, அது எனக்குத் தெரியும். அவருடையது எந்த எண்ணில் பிரிந்து போனது என்பதையும் என் டிஸ்க் இன்னும் மறக்காமல் வைத்திருக்கிறது, காணாமல் போனவருக்கு வீட்டில் வைத்திருப்பார்களே தட்டு, அந்த மாதிரி. அந்த எண்ணையும் அவருடைய டிஸ்க்கில் இப்போது இருக்கிற எண்ணையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரவழைத்தேன். கண்ணாடி போடாமல் சரியாகத் தெரியவில்லை. போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாகப் படித்தேன். கடைசி வரைக்கும் ஒரே எண். பிரிந்த நாளில் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட.

இரண்டையும் சேர்க்கச் சொன்னேன், விரல் தானாகச் செய்தது. திரையில் சதவீதம் ஏற ஆரம்பித்தது. இதற்குத்தானே வேண்டிக்கொண்டேன், இப்போது சந்தோஷப்பட வேண்டும். அப்போ அழவே இல்லை. அப்போ நான் சொன்னதுதான் சரி. சரி என்றால் என்ன, எனக்கு அதில் என்ன கிடைக்கப்போகிறது? ஆனால் எழுபது தடவை? கரண்ட் கொடுத்திருக்கிறார், சுற்ற விட்டிருக்கிறார், பூட்டைத் திறக்கவில்லை. எதற்கு? வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வருகிற ஆளா? ஏழு சதவீதம். சீக்கு டிஸ்க் கரகரவென்று அரைக்கிறது, அந்தச் சத்தம் கேட்டால் எந்த சர்வர் ஆளுக்கும் தெரியும், டிஸ்க் போகப்போகிறது என்று. போய்விடாதே, இன்னும் கொஞ்சம் தாங்கு, இன்னும் கொஞ்சம். அவரும் குனிந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏனுங்க, எழுபது வாட்டி ஓட்டியிருக்கீங்க. ஒருக்கா கூடத் தொறக்கலையா?"

அவர் டிஸ்க்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சும்மாவே வெச்சா மோட்டார் இறுகிக்கும். மாசம் ஒருக்கா கரண்டு குடுத்து சுத்த உடுவேன். கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காந்து சத்தத்தக் கேப்பேன். அப்புறம் ஆஃப் பண்ணீருவேன்."

"தொறந்து கேட்டிருக்கலாமில்லீங்க."

"எப்படிக் கேக்கறது? இது சீக்கு. படிச்சா தேயும். நீ கேக்காம இருக்க மாட்டேன்னு தெரியும். உன்றது தேஞ்சு போனா என்றதாவது இருக்கோணுமில்ல."

அவ்வளவுதான் சொன்னார். சாதாரணமாக, ஆபீசில் ஒரு சந்தேகத்துக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார். ஐம்பது சதவீதம். நான் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுற்றுகிற சத்தம். மாசா மாசம், எங்கேயோ சரவணம்பட்டியில் ஒரு ரூமில், ஒரு ஆள் பூட்டின டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அவள் இருக்கிறாள், பாஸ்வேர்ட் கையில் இருக்கிறது, அடிக்கவில்லை. எனக்காக அடிக்கவில்லை. அந்த நேரமெல்லாம் நான் இங்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு அழுதுகொண்டிருந்தேன், எனக்கு மட்டும்தான் பிள்ளை போனது போல. மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை, பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினேன். அண்ணாந்து குடித்தார். எண்பது. தொண்ணூறு. அவருடைய டிஸ்க்கில் இருந்த திட்டுகள் என்னுடையதிலிருந்தும், என்னுடையதில் இருந்த ஓட்டை அவருடையதிலிருந்தும் ஒவ்வொன்றாக அடைந்துகொண்டே வந்தன. கரகரப்பு ஒரு கணம் நின்றது, எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு நின்றது, பிறகு மறுபடி சுற்றியது. கடைசியில் அந்த வரி வந்தது. சரிசெய்யப்பட்டது, பிழை இல்லை.

ஹெட்போனை எடுக்கப் போனேன், எடுக்கவில்லை, ஸ்பீக்கரிலேயே போட்டேன். முதலில் கரண்ட் போன வீட்டின் இரைச்சல், எங்கேயோ ஒரு நாய், அவர் குரல், 'அப்புறம்?' என்று கேட்கிற பழைய நல்லசிவம். பக்கத்தில் நிற்கிற நல்லசிவம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார். 'புளியக் கரைக்கோணும்ப்பா.' 'அப்புறம்?' 'தக்காளியப் பெசையோணும்ப்பா, நல்லாப் பெசையோணும், அப்புறம்' என்று வந்தது, நான் கண்ணை மூடிக்கொண்டேன், நிற்கவில்லை, போனது. 'அப்புறம் அம்மாகிட்டக் குடுத்துரோணும். அவிங்க அடுப்புல வெப்பாங்க.' 'அப்ப நான் என்ன பண்றது சாமி?' 'நீங்க தொடக் கூடாது, சுடும். பக்கத்துல உக்காந்துக்கோங்க.' பிறகு அவள் சிரிப்பு, பிறகு என் குரல் தூரத்தில், மெழுகுவத்தி எங்கே என்று கேட்கிறது. பதிவு முடிந்தது.

குக்கர் சத்தம் அடங்கி மாடியில் யாரோ தட்டு எடுத்து வைக்கிறார்கள். அவர் இன்னும் நாற்காலி முதுகை விடவில்லை.

"இன்னொருக்கா போடு கோதை" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

போட்டேன். போட்டுவிட்டு எழுந்து, அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.